கேஸிஃபையர் லைனிங்குக்கு எந்தக் கல் போடுவது? காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலைக் கேள்விக்கு என் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. பாய்லருக்கு வாயு கொடுக்க, கீழே காற்று ஊதி மேலே வாயு எடுக்கும் வகையில் ஒரு கேஸிஃபையர், அதாவது விறகை அரைகுறையாக எரித்து எரிவாயு எடுக்கும் உலை, ஓடுகிறது. விறகும் தேங்காய் மட்டையும் எரிபொருள். உட்சுவராக, சூடு தாங்கும் களிமண் கல்லான ஃபயர் பிரிக்கில் லைனிங் போட்டு இரண்டு சீசன்தான் ஆகிறது. மேல் வரிசைக் கற்கள் கருத்துப்போய், தொட்டாலே உதிர்கின்றன. நடு வரிசைகள் நன்றாகவே இருக்கின்றன. கீழே காற்றுக் குழாய் நுழையும் இடத்தில் கல் பாதியாகக் கரைந்து, கிட்டம் (சாம்பல் உருகி உறைந்த கட்டி) பாறைபோல ஒட்டிக்கிடக்கிறது. ஒரு வியாபாரி 70 சதவீதம் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உள்ள கல் போடச் சொல்கிறார். இன்னொருவர், "பக்கத்துச் சேலத்திலேயே மாக்னசைட் கல் கிடைக்கிறது, 2,800 டிகிரி தாங்கும், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்கிறார். எதை வாங்குவது?

இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று 24 வருடமாக லைனிங் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் கல் சூட்டால் சாகவில்லை. விறகு கேஸிஃபையரில் எரியும் பகுதியே சாதாரணமாக 1,100 முதல் 1,300 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். நீங்கள் போட்டிருப்பதாகச் சொல்லும் ஐ.எஸ். 8 ரகக் கல்லை (இந்தியத் தர நிர்ணயப்படியான ஃபயர் பிரிக்)த் தனியாகச் சூடேற்றினால் 1,600 டிகிரிக்கு மேல்தான் இளகும். அது போயிருக்கிறது என்றால் வாயுவோ சாம்பலோ ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்கிறது. மேலே ஒன்று தின்கிறது, கீழே வேறொன்று தின்கிறது. "எத்தனை டிகிரி தாங்கும்" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது.

மேல் வரிசையை முதலில் பார்ப்போம். விறகு வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. ஏறத்தாழ 400 முதல் 700 டிகிரி வரையான சூட்டில் இந்த வாயுவுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் ஒரு துளி கரியாகவும் பிரியப் பார்க்கும். சும்மா விட்டால் இது மிக மெதுவாக நடக்கும். பக்கத்தில் இரும்பு இருந்தால் வேகம் பிடித்துவிடும். களிமண் கல் எதிலும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு இருக்கும். வாயு கல்லின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய், அந்த இரும்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கரியைப் படியவைக்கிறது. கரி வளர இடம் வேண்டும். பாறை இடுக்கில் அரசங்கன்று வேர்விட்டுப் பாறையையே பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். வெளியே கல் முழுசாகத் தெரியும், விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிரும்.

நடு வரிசைகள் ஏன் தப்பின என்பதும் இதிலேயே புரியும். அங்கே சூடு 800, 900 டிகிரி. அந்தச் சூட்டில் கரி படிவது நின்று, எதிர்த்திசை வினைதான் ஓங்கும். மேலே போகப்போக வாயு ஆறி, 700க்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் சேதம் ஆரம்பிக்கிறது. அதாவது சூடு குறைந்த இடத்தில்தான் கல் செத்திருக்கிறது. அந்த இடத்துக்கு 2,800 டிகிரி தாங்கும் கல் எதற்கு?

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். உதிர்ந்துகொண்டிருக்கும் வரிசையிலிருந்து ஓரளவு முழுசாக இருக்கும் கல் ஒன்றை எடுத்து, வெயிலில் வைத்துச் சுத்தியலால் குறுக்கே உடையுங்கள். உடைந்த முகத்தில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருக்கும். சில புள்ளிகளைச் சுற்றி நகக்கீறல் போல வெடிப்பு ஓடும். புள்ளியைக் கத்தி முனையால் சுரண்டினால் விளக்குக் கரி மாதிரி கையில் ஒட்டும். இப்போது அதே லாட்டில் மிச்சமாகிக் கொட்டகையில் கிடக்கும் புதுக் கல் ஒன்றையும் உடையுங்கள். பழுப்புப் புள்ளிகள் அதிலும் இருக்கும், கரி மட்டும் இருக்காது. கல் வரும்போதே நோயின் விதையோடு வந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கேட்கத் தோன்றுகிறது. ஃபயர் பிரிக்குக்குப் பின்னால் என்ன வைத்தீர்கள்? நம் பக்கம் பலர் செலவைக் குறைக்க முன்னால் ஒரு வரிசை ஃபயர் பிரிக், பின்னால் உள்ளூர்ச் சூளைச் செங்கல் என்று கட்டுகிறார்கள். செங்கல் செங்கலாக இருப்பதே இரும்பால்தான், அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். மூட்டுகள் வழியாகக் கசியும் வாயு பின்வரிசைக்குப் போகிறது. கீழ்ப்பகுதியிலும் பின்வரிசையில் சூடு சரியாக 500, 600 டிகிரியில் நிற்கும். இதைவிட வசதியான இடம் அந்த வினைக்குக் கிடைக்காது. பின்வரிசை வீங்கி முன்வரிசையை உள்ளே தள்ளிவிடும். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் முன்வரிசைக் கல்லை இரண்டு முறை மாற்றினார்கள், இரண்டு முறையும் சுவர் உள்ளே சாய்ந்தது. மூன்றாம் முறை என்னைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையைப் பிரித்தால் செங்கல் கைப்பிடி கைப்பிடியாகக் கரும்பொடியாக வந்தது. முன்வரிசையில் குறையே இல்லை.

இரும்புக்கும் இந்த வாயுவுக்கும் உள்ள உறவு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். பழங்கால இரும்பு உலை என்பது என்ன? மண் உலையில் கரியும் தாதுவும் அடுக்கித் துருத்தியால் காற்று ஊதினால், கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விட்டுவிடும். உங்கள் கேஸிஃபையரும் அந்த உலையின் பேரப்பிள்ளைதான். கல்லில் இருக்கும் இரும்பைத் தாது என்று நினைத்து அது தன் பழைய வேலையைச் செய்கிறது.

ஆகவே மேல்பகுதிக்கு வேண்டியது 35 முதல் 40 சதவீத அலுமினா உள்ள சாதாரண ஃபயர் பிரிக்தான். ஆனால் இரும்பு ஆக்சைடு 1 சதவீதத்துக்குள், முடிந்தால் அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். நுண்துளை குறைவாக இருக்க வேண்டும். நன்றாக, உயர்ந்த சூட்டில் சுட்டதாக இருக்க வேண்டும். நன்றாகச் சுட்ட கல்லில் இரும்பு சிலிக்கேட்டுக்குள் பூட்டப்பட்டுவிடும், வாயுவின் கைக்கு எளிதில் அகப்படாது. இதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி 288 என்ற சோதனை முறை இருக்கிறது. கல்லை 500 டிகிரியில் வைத்துக் கார்பன் மோனாக்சைடை நாள்கணக்கில் ஓட்டி, வெடிக்கிறதா உதிர்கிறதா என்று பார்ப்பார்கள். விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். இல்லை என்றால் இரும்பு அளவுக்கான ஆய்வுத் தாளாவது கேளுங்கள். பின்வரிசை இன்சுலேஷன் கல்லுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

இப்போது கீழ்ப்பகுதி. அங்கே வேலை செய்வது பொட்டாசியம். மட்டைச் சாம்பலைத் தென்னைக்கும் வாழைக்கும் அள்ளிப் போடுகிறோமே, எதற்காக? அதில் பொட்டாஷ் நிறைய இருப்பதால்தான். வாழைக்கு உரமாகும் அதே பொருள் கல்லுக்கு விஷம். பொட்டாசியமும், மணலில் இருக்கும் சிலிக்காவும் ஒன்றுக்கொன்று ஏற்ற விகிதத்தில் சந்தித்தால் 800 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். விறகோடு வரும் மண்ணில் சிலிக்காவும் இரும்பும் இருக்கின்றன, கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. எல்லாம் கலந்து கண்ணாடி மாதிரி உருகி, வடிந்து, ஆறின இடத்தில் கிட்டமாக உறைகிறது. கிட்டத்தைக் கடப்பாரையால் பெயர்க்கும்போது கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடுகிறது. உங்கள் கல் பாதியானதில் கடப்பாரையின் பங்கும் உண்டு.

சரி, அலுமினாவைக் கூட்டினால் சிலிக்கா குறையுமே, உருகாதே என்றுதான் அந்த வியாபாரி 70 சதவீதம் சொல்கிறார். கேட்க நியாயமாக இருக்கும். நானும் ஒரு காலத்தில் நம்பினேன். பர்கூர் அருகே தேங்காய் ஓடு எரிக்கும் ஒரு அடுப்புக்கு 70 சதவீதக் கல்தான் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது மாதத்தில் கூப்பிட்டார்கள். கல் உருகவே இல்லை. ஆனால் முகத்திலிருந்து இரண்டு விரல் கனத்துக்குத் தட்டு தட்டாக, வெங்காயத் தோல் மாதிரி கழன்றுகொண்டிருந்தது. கழன்ற தட்டை வைத்துப் பார்த்தால் பழைய கல்லைவிடத் தடிமனாக இருந்தது, கல் வீங்கியிருந்தது. பொட்டாசியம் ஆவியாகி, நுண்துளை வழியாக உள்ளே போய், அலுமினாவோடும் சிலிக்காவோடும் சேர்ந்து புதுத் தாதுக்களை உண்டாக்குகிறது. அவற்றுக்குப் பழையதைவிட அதிக இடம் வேண்டும். முகம் வீங்கும், உள்ளே இருக்கும் கல் வீங்காது, இரண்டுக்கும் நடுவே பிளந்துகொள்ளும்.

சிலிக்கா அதிகமுள்ள மலிவுக் கல்லில் நடப்பது வேறு. பொட்டாசியம் பட்டதும் முகத்தில் பிசுபிசுப்பான கண்ணாடிப் பூச்சு ஒன்று உருவாகி, துளைகளை அடைத்து, மேற்கொண்டு உள்ளே போகாமல் தடுத்துவிடுகிறது. ஜாடிக்கு மெருகு பூசுவதுபோல. சிமெண்ட் ஆலைகளில் பொட்டாசியம் போன்ற காரப் பொருள்களைத் தாங்குவதற்கென்றே 25, 30 சதவீத அலுமினாக் கல்லைப் போடும் இடங்கள் உண்டு. ஆனால் சூடு 1,100, 1,200 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சே நீர்த்து வழிந்துவிடும், பாதுகாப்பும் போய்விடும். உங்கள் காற்றுக் குழாய் பகுதி அந்த எல்லையைத் தாண்டுகிறது. அதனால்தான் அங்கே கரைந்தது, ஓர் அடி மேலே பளபளவென்று நன்றாக இருக்கிறது. உள்ளே விளக்கடித்துப் பாருங்கள், அந்தப் பளபளப்புத் தெரியும்.

கீழ்ப்பகுதிக்கு என் தேர்வு சிலிக்கான் கார்பைடு கலந்த கல். கிட்டம் அதில் அவ்வளவாக ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத் தட்டினால் வரும். இரண்டு குறை உண்டு. சூட்டை வேகமாகக் கடத்தும், ஆகவே பின்னால் இன்சுலேஷன் கூடுதலாக வேண்டும். காற்றும் நீராவியும் நேராக அடிக்கும் இடத்தில் மெல்ல மெல்ல ஆக்சிகரணமாகும், ஆகவே குழாய் வாயைச் சுற்றியுள்ள கற்களைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி கட்ட வேண்டும். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் ஆண்டலூசைட் என்ற அலுமினா-சிலிக்கா தாதுவில் செய்த, நுண்துளை குறைந்த 60 சதவீத அலுமினாக் கல். அதுவும் முடியாவிட்டால் இப்போதைய ரகத்தையே போட்டு, எரிபொருளைத் திருத்துங்கள். அந்தத் திருத்தம் எப்படியும் செய்ய வேண்டியதுதான். விறகைத் தரையில் இழுத்து வந்து மண்ணோடு போடாதீர்கள். மட்டையைக் குறைத்து விறகைக் கூட்டுங்கள். ஊதும் காற்றோடு கொஞ்சம் நீராவி கலந்துவிட்டால் எரியும் இடத்தின் சூடு தணிந்து கிட்டம் பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாய்லர் வைத்திருக்கும் உங்களுக்கு நீராவிக்கு என்ன பஞ்சம்?

நீராவி என்று சொன்னதும் மாக்னசைட் கதைக்கு வந்துவிடலாம். சேலத்தில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட் நாட்டுக்கே பெரிய சொத்து. அதைச் சுட்டுக் கிடைக்கும் மக்னீசியா 2,800 டிகிரியில்தான் உருகும் என்பதும் உண்மை. எஃகு உலைகளில் சுண்ணாம்புக் கசடுக்கு முன்னால் அதைப்போல நிற்கும் கல் குறைவு. ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. நீரோ நீராவியோ மிதமான சூட்டில் பட்டால் மக்னீசியா ஹைட்ராக்சைடாக மாறும். மாறும்போது பருமன் இரண்டு மடங்குக்கு மேல் போகும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்தால் பூத்துப் பொடியாகுமே, அதன் மெதுவான வடிவம். உங்கள் கேஸிஃபையரில் விறகின் ஈரம், வாயுவின் நீராவி, போதாததற்கு மாங்காய் சீசன் முடிந்தபின் மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும் மாதங்கள். அடுத்த ஏப்ரலில் திறந்து பார்த்தால் மாவுதான் இருக்கும். அதோடு மக்னீசியா சூட்டில் அதிகமாக விரியும். 1,000 டிகிரியில் ஒரு மீட்டருக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல். ஃபயர் பிரிக் அதில் பாதிகூட விரியாது. பழைய இரும்புக் கூட்டுக்குள் அதை இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும்: அடியில் கிரானைட் பலகை போட வேண்டாம். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிகம் மாறிச் சட்டென்று விரியும். பாறை மேல் விறகை எரித்துப் பலகை பலகையாகக் கிளப்புவது தென்னிந்தியக் கல் வேலைக்காரர்களின் பழைய வித்தை. அந்த வித்தையை உங்கள் கேஸிஃபையருக்குள் நடத்த வேண்டாம்.

பெரிய வாயு ஆலைகளில் என்ன போடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். உரத் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் எடுக்கும் இரண்டாம் நிலை ரிஃபார்மர் என்ற கலனில் உள்முகத்துக்கு 99 சதவீத அலுமினா, சிலிக்கா அரை சதவீதத்துக்கும் கீழே. காரணம், அந்தச் சூட்டில் ஹைட்ரஜனும் நீராவியும் கல்லிலிருந்து சிலிக்காவை ஆவியாக்கி எடுத்துப் போய், பின்னால் இருக்கும் பாய்லர் குழாயில் படியவைத்துவிடும். கல் கெடுவதைவிட அந்தக் குழாய் அடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய நஷ்டம். நிலக்கரிச் சாம்பலை உருக்கியே வெளியேற்றும் கேஸிஃபையர்களில் குரோமியம் ஆக்சைடு நிறைந்த கல் போடுகிறார்கள். அதுவும் சில மாதம் முதல் இரண்டு, மூன்று வருடம்தான் தாக்குப்பிடிக்கும். உலகத்தின் விலையுயர்ந்த கல்லுக்கே அந்தக் கதி. லுர்கி என்ற வகை நிலக்கரி கேஸிஃபையரில் பெரும்பாலும் கல்லையே நம்பாமல் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓட விடுகிறார்கள்.

குரோம் கல்லை யாராவது உங்களுக்குக் காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பொட்டாசியமும் காற்றும் சேர்ந்தால் அதிலிருக்கும் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவத்துக்கு மாறும். மஞ்சளாகத் தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நீங்கள் மாங்கூழ் தயாரிக்கிறவர்கள்.

கட்டும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். மூட்டு ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கல்லைக் குழம்பில் தோய்த்து, வைத்து, தேய்த்து இறுக்க வேண்டும். கல்லின் ரகமும் குழம்பின் ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுச் சிமெண்ட் ஒரு கைப்பிடிகூடக் கலக்கக்கூடாது. 500 டிகிரிக்குள்ளேயே அதன் பிடிமானம் போய், மூட்டு வாயுவுக்கு வழிவிட்டுவிடும். வந்த கல்லை எடை போடுங்கள். 230க்கு 115க்கு 75 மில்லிமீட்டர் அளவில் சாதாரண ஃபயர் பிரிக் ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். மூன்றரை கிலோதான் இருக்கிறது என்றால் துளை அதிகம், திருப்பி அனுப்புங்கள்.

அடுத்ததை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பழைய லைனிங்கைப் பிரிக்க ஆள் இறங்கும் முன் கேஸிஃபையரை முழுக்க ஆறவிட்டு, மேல் வாயும் கீழ்க் கதவும் திறந்து, ஃபேன் வைத்துக் காற்று ஓட்டி, வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உங்கள் வாயுவில் அது 20 சதவீதம். 1 சதவீதமே சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். "நேற்றே அணைத்துவிட்டோம்" என்பது ஒரு காரணமே இல்லை. சாம்பலுக்கு அடியில் கனல் நாள்கணக்கில் இருக்கும். வெளியே ஓர் ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் குதிக்கக்கூடாது. பல விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் போன உயிர்கள் அப்படிப் போனவைதான். பழைய கல் தூசிக்கும், இன்சுலேஷனுக்கு வைக்கும் செராமிக் ஃபைபர் தூசிக்கும் துண்டு கட்டினால் போதாது, முறையான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, சூடேற்றுவது. உங்களுக்கு இரண்டே சீசனில் இவ்வளவு போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சந்தேகப்படுகிறேன். மாங்காய் லோடு வாசலில் வந்து நின்றபின் அவசரமாகப் பற்றவைத்து, அன்று சாயங்காலமே முழு வேகத்தில் ஓட்டியிருப்பீர்கள். மாதக்கணக்கில் ஈரம் குடித்த கல்லுக்கு அது தாங்காது. சீசனுக்கு ஒரு வாரம் முன்பே சிறு விறகில் ஆரம்பியுங்கள். 110 முதல் 150 டிகிரிக்குள் ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். குளிர்ந்த கண்ணாடியை மேல் வாயில் காட்டினால் நீர் படிவது நிற்க வேண்டும். அப்புறம் மணிக்கு 25, 30 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சீசன் முடிந்ததும் சாம்பலை முழுக்க வாரிவிட்டு, வாயை மூடி, மேலே தகரம் போட்டு வையுங்கள். சாம்பலை உள்ளேயே விட்டால் மழைக்கால ஈரத்தில் பொட்டாஷ் கரைந்து கல்லுக்குள் இறங்கும்.

கல் ஆர்டர் கொடுக்கும் முன் காற்றுக் குழாய்ப் பக்கத்துக் கிட்டம் ஒரு துண்டு, மேல் வரிசைக் கல் ஒன்று, பின்வரிசைக் கல் ஒன்று, இந்த மூன்றையும் உடைத்து, எந்த வரிசை என்று சாக்குக்கட்டியால் எழுதி, வெயிலில் படம் எடுத்துப் போடுங்கள். சாம்பலில் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து அந்த எண்ணையும் சொல்லுங்கள். அதை வைத்து, எத்தனை வரிசைக்கு எந்தக் கல் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.